ஃபீவர் லெட்டர்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை பெஞ்சுதுல்ல, அது ஓஞ்சு ஸ்கூல் தொறந்து மூணு நாள் கழிச்சுதான் என் ஒன்பதாவது கிளாஸ் பையன் ஒருத்தன் வந்தான். கையில லீவ் லெட்டர். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'னு ஆரம்பிச்சு 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்'னு முடியுமே, நாம எல்லாருமே எழுதுன அதே லெட்டர். இப்ப காய்ச்சல் பரவால்லயாப்பான்னு கேட்டேன். "காய்ச்சல்லாம் இல்ல மிஸ், வூட்டுக்குள்ள தண்ணி, முட்டி வரிக்கும் நின்னுச்சு, நேத்துதான் வடிஞ்சுது"ன்னான். அப்புறம் ஏம்ப்பா ஃபீவர்னு எழுதியிருக்க? "ஃபீவர் லெட்டர்தான் மிஸ் தெரியும்."

லெட்டர மறுபடி பாத்தேன். கீழ பேர் எழுதற எடத்துல எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு இருந்துச்சு. கைடுல இருந்தத ஒரு எழுத்து மாறாம எழுதிட்டு வந்திருக்கான்.

அன்னிக்கு மத்தியானம் சாப்புடறப்ப அவங்கிட்ட போய் ஒக்காந்து கேட்டேன். கட்டில் மேல ஸ்டவ்வ வெச்சு கஞ்சி காச்சுனது, பாட்டிய ரெண்டு தெரு தள்ளி மாடி வீட்டுக்கு தூக்கிட்டு போனது, ஸ்கூல் புக்க மட்டும் பரண் மேல போட்டு காப்பாத்துனது, எல்லாத்தையும் கைய ஆட்டி ஆட்டி சொன்னான். சொல்றதுக்கு அவ்ளோ வெச்சிருந்த பையன், ஒன்பது வருஷமா இங்கிலீஷ் படிக்கிற பையன், அந்த இங்கிலீஷ்ல அவனால சொல்ல முடிஞ்சது வராத காய்ச்சல பத்தி மட்டும்தான். பதினாலு வருஷமா வட சென்னைல தண்டையார்பேட்டை பக்கம் இங்கிலீஷ் எடுத்துட்டு இருக்கேன், எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இவன மாதிரி எத்தன பேர் எங்கிட்ட ஃபீவர் லெட்டர் குடுத்திருப்பாங்க, நான் எத்தனைல டிக் அடிச்சு கையெழுத்து போட்டிருப்பேன்.

எங்க கிளாஸ் எப்படி இருக்கும்னு சொல்லணும். மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற மொத பீரியட், ஃபேன் ரெண்டுல ஒண்ணு ஓடும், நாப்பத்திரண்டு பசங்க. நான் போர்டுல ஆக்டிவ் வாய்ஸ் பாஸிவ் வாய்ஸ் எழுதிட்டு திரும்பினா கடைசி பெஞ்சுல பேனா ஃபைட், நடு பெஞ்சுல புக் கிரிக்கெட், டெக்ஸ்ட் புக்கயே தொறந்து பேஜ் நம்பர் கடைசி எழுத்து நாலுன்னா ஃபோர், சைபர்னா அவுட். மொத பெஞ்சு பொண்ணுங்க என்னயே பாத்துட்டு இருப்பாங்க, ஆனா கண்ணு மட்டும்தான் இங்க இருக்கும். ஏன்னு கேட்டா எல்லாரும் சொல்றது ஒரே வார்த்த, 'போர் அடிக்குது மிஸ்'. ஸ்டாஃப் ரூம்ல நாங்க சொல்றதும் ஒரே வார்த்த, 'பசங்களுக்கு இன்ட்ரஸ்டே இல்ல'. நானும் வருஷக்கணக்கா அப்படியே சொல்லிட்டு இருந்தவதான்.

அந்த லெட்டர் வந்த அடுத்த வாரம் எல்லாருக்கும் ஒரு துண்டு பேப்பர் குடுத்து, பேர் போடாதீங்க, தமிழ்லயே எழுதுங்க, இங்கிலீஷ் கிளாஸ் ஏன் போர் அடிக்குதுன்னு உண்மைய எழுதுங்கன்னு சொன்னேன். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஒண்ணு ஒண்ணா படிச்சேன். நெறைய பேர் 'புரியல'ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிருந்தாங்க. 'எல்லாம் கைடுல இருக்குது, பரீட்சைக்கு முந்தின நாள் படிச்சுப்போம்'னு சில பேர். 'தப்பா பேசுனா சிரிக்கறாங்க, கரெக்டா பேசுனா பீட்டருன்றாங்க'ன்னு ஒரு பேப்பர், கையெழுத்து பாத்தா ஒரு பொண்ணுன்னு தோணுச்சு. 'போர் இல்ல மிஸ் தூக்கம், விடிகால ரெண்டு மணிக்கு அம்மாவோட காசிமேடு போறேன்'னு ஒண்ணு. இந்த பையன் தூங்கறப்பல்லாம் நான் எழுப்பி நிக்க வெச்சிருக்கேன். ஏலத்துல மீன் எடுத்து கூடை தூக்கிட்டு வந்து, குளிச்சுட்டு யூனிஃபார்ம் போட்டுட்டு வர்ற பையன. அவனுக்கு பாடத்து மேல கோவம் ஒண்ணும் இல்ல, ஒடம்புல தெம்பு இல்ல, அவ்ளோதான்.

புரியாததும் போர், தெரிஞ்சதையே கேக்கறதும் போர், பயமும் போர், தூக்கமும் போர். இந்த நாலுக்கும் மருந்து ஒண்ணா இருக்க முடியுமா? நாங்க குடுக்குற மருந்து என்னவோ எப்பவுமே ஒண்ணுதான், அதட்டல், இல்லன்னா அஞ்சு தடவ எழுதிட்டு வா.

ஆனா என்னய உலுக்குன பேப்பர் இதெல்லாம் இல்ல. ஒரு பேப்பர்ல ஒரே ஒரு வரி இருந்துச்சு: 'நீங்க கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் உங்களுக்கே தெரியும், அப்புறம் எதுக்கு எங்கள கேக்கறீங்க.'

யோசிச்சு பாத்தேன், உண்மைதான். என் கிளாஸ்ல ஒரு நாளைக்கு நான் கேக்குற கேள்வி முப்பது இருக்கும், முப்பதுக்கும் பதில் எனக்கு தெரியும், கைடுக்கு தெரியும், அவங்களுக்கும் எனக்கு தெரியும்னு தெரியும். எனக்கு தெரியாத ஒண்ண தெரிஞ்சுக்கறதுக்காக ஒரு பிள்ளைய பாத்து நான் இங்கிலீஷ்ல ஒரு கேள்வியாச்சும் கேட்டிருக்கேனா? லெட்டரும் அப்படித்தான். பரீட்சை பேப்பர்ல சொந்தப் பேர் ஊர் தெரியக்கூடாது, திருத்தறவங்களுக்கு யார் பேப்பர்னு தெரியக்கூடாது, அது நியாயமான விதி, நான் குத்தம் சொல்லல. ஆனா அந்த எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய் பரீட்சைக்கு மட்டும் இருக்க வேண்டியது, ஆறாவதுலருந்தே கிளாஸ் நோட்டுக்குள்ள வந்து ஒக்காந்துடுச்சு. யாருன்னே தெரியாத ஒருத்தர் யாருன்னே தெரியாத இன்னொருத்தருக்கு, நடக்காத ஒண்ண பத்தி எழுதற லெட்டர். அத எழுதறப்ப பிள்ளைக்கு கொட்டாவி வந்தா அது பிள்ள தப்பா?

இதுக்கு முன்னாடி நான் ஒண்ணும் பண்ணாம இல்ல. ப்ரொஜெக்டர்ல கார்ட்டூன் போட்டிருக்கேன், அந்தாக்ஷரி மாதிரி வேர்ட் கேம் வெச்சிருக்கேன், பரிசுக்கு சாக்லேட் வாங்கிட்டு போயிருக்கேன். கிளாஸ் கலகலன்னு இருக்கும், பக்கத்து கிளாஸ் சார் வந்து எட்டிப் பாப்பார். ஆனா அந்த சத்தம் முழுக்க தமிழ்ல இருக்கும், பெல் அடிச்சா கேம் முடிஞ்சுது, மறுநாள் பாடத்த தொறந்தா பழையபடி பேனா ஃபைட். பசங்க சிரிக்கறாங்கன்னா கத்துக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்.

அப்பதான் பி.எட். படிக்கறப்ப ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ண ஒரு பேரு ஞாபகம் வந்துச்சு, என்.எஸ்.பிரபு. மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவரு. 1979லருந்து 1984 வரைக்கும் பெங்களூர், மெட்ராஸ்னு தென்னிந்தியாவுல சாதாரண ஸ்கூல்கள்ல ஒரு முயற்சி நடத்துனார். கிராமர தனியா சொல்லிக்குடுக்காம, பசங்க மூளைய போட்டு தீக்க வேண்டிய ஒரு கணக்கு மாதிரி ஒரு வேலைய குடுத்துடறது, மேப்பு, ட்ரெயின் டைம்டேபிள், இந்த மாதிரி. கவனம் முழுக்க அந்த வேலை மேல இருக்கறப்ப மொழி தானா உள்ள போவும்ன்றதுதான் அவர் நம்புனது. இன்னிக்கு ஒலகம் பூரா டாஸ்க் பேஸ்டு டீச்சிங்னு பேசறவங்க ஆரம்ப முயற்சிகள்ல ஒண்ணா இததான் சொல்றாங்க, ஆனா அது நடந்த ஊர்லயே நாங்க அத ஒரு மார்க்குக்கு படிச்சுட்டு விட்டுட்டோம். எனக்கு இது ரொம்ப வருத்தம். அவர் சொன்னதுல ஒண்ணு, ஒருத்தர்கிட்ட இருக்கற தகவல் இன்னொருத்தர்கிட்ட இல்லாம இருக்கணும், அந்த இடைவெளிதான் பேச வைக்கும். என் கிளாஸ் பிள்ள துண்டு பேப்பர்ல எழுதுனதும் அதேதான!

சரின்னு நானும் ட்ரெயின்லயே ஆரம்பிச்சேன். எங்க பசங்களுக்கு கும்மிடிப்பூண்டி லைன் தெருவாட்டம். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவாங்க. ரெண்டு ரெண்டு பேரா முதுகு காட்டி ஒக்கார வெச்சேன். ஒருத்தன் பேப்பர்ல பாதி நேரம் இருக்கும், இன்னொருத்தன் பேப்பர்ல மீதி. நேரமெல்லாம் நானா போட்டதுதான். அக்கா கொருக்குப்பேட்டைல ஏறணும், தம்பி திருவொற்றியூர்ல ஏறணும், ரெண்டு பேரும் ஒரே ட்ரெயின்ல மீஞ்சூர் போய் ஒன்பது மணி முகூர்த்தத்த பாக்கணும், எந்த ட்ரெயின்னு கண்டுபிடிங்க. பேப்பர காட்டக் கூடாது, இங்கிலீஷ்ல கேக்கலாம்.

மொத பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்கல. திரும்பி திரும்பி பேப்பர எட்டிப் பாத்தாங்க. அப்புறம் ஒரு மூலைலருந்து 'வாட் டைம் கொருக்குப்பேட்டை?'ன்னு கேட்டுச்சு, 'செவன் ஃபிஃப்டி'ன்னு பதில் வந்துச்சு, 'நாட் ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?'ன்னு திரும்ப கேட்டுச்சு. அந்த ரெண்டாவது கேள்விக்கு நான் அப்படியே நின்னுட்டேன். ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் வித்தியாசத்த நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், யாரும் கேட்டதில்ல. இப்ப ட்ரெயின் போயிடும்ன்றதால கேக்கறாங்க. அதுக்குள்ள கடைசி பெஞ்சு பையன் ஒருத்தன், என் கிளாஸ்ல அது வரைக்கும் 'ப்ரசன்ட் மிஸ்' தவிர வாயே தொறக்காதவன், எழுந்து "மிஸ், திஸ் டைம் ராங் மிஸ். தட் ட்ரெயின் டெய்லி லேட். மை ஃபாதர் கோயிங்"ன்னான். "ஓ, யுவர் ஃபாதர் கோஸ் பை தட் ட்ரெயின்? ஹவ் லேட் இஸ் இட்?"னு கேட்டேன், அது நெஜமாவே எனக்கு தெரியாது. "டுவென்டி மினிட்ஸ். ரெயின் டைம், ஒன் அவர்"னான். கோயிங் தப்பு, கோஸ்னு சொல்லுன்னு நான் நிறுத்தல. சரியான வாக்கியத்த திருப்பி நான் சொல்லிட்டு விட்டுட்டேன். பழைய நானா இருந்தா அந்த எடத்துலயே புடிச்சு திருத்தியிருப்பேன், அவனும் அதோட மார்ச் வரைக்கும் ஒக்காந்திருப்பான்.

இந்த பீட்டர் விஷயத்த பத்தியும் சொல்லணும். நம்ம ஏரியால 'இன்னா, பீட்டர் வுடற'ன்ற ஒரு வார்த்த போதும், அந்த பிள்ளையோட இங்கிலீஷ் அன்னியோட செத்துச்சு. பெரியவங்க சாதாரணமா சிரிச்சுட்டு போயிடறோம், பதிமூணு பதினாலு வயசுல அது சாதாரணம் இல்ல. கூட்டத்த விட்டு தனியா போறன்னு சொல்றாப்ல இருக்கு அது. ட்ரெயின் வேலைல நான் கவனிச்சது, ஒருத்தர் கூட யாரையும் பீட்டர்னு சொல்லல. கணக்கு முடிக்கணும்னா பேசித்தான் ஆகணும், பேசறது சீன் காட்டறதுக்கில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. 'நல்லா பேசு, தைரியமா பேசு'ன்னு நான் அட்வைஸ் பண்ணி போகாத பயம் அது.

அப்புறம் மீன். காசிமேட்டுக்கு போற அந்த பையனுக்காகவே யோசிச்சது. நல்ல மீன் எப்படி பாத்து வாங்கறதுன்னு எனக்கு சரியா தெரியாது, கடைக்காரம்மா சொல்றத நம்பி வாங்கறவ நான். அதயே சொன்னேன், எனக்கு தெரியல, சொல்லிக்குடுங்கன்னு. அன்னிக்கு அவன் தூங்கல. செவுள தூக்கி பாக்கணும் செவப்பா இருக்கணும்னு சொல்ல வந்தான், செவுளுக்கு இங்கிலீஷ்ல என்ன மிஸ்னு கேட்டான். கில்ஸ்னு சொன்னேன். நாப்பத்திரண்டு பேரும் எழுதிக்கிட்டாங்க, எழுதிக்கோங்கன்னு நான் சொல்லவே இல்ல. கண்ணு தெளிவா இருக்கணும், வெரலால அமுக்குனா பள்ளம் விழுந்து அப்படியே நிக்கக் கூடாது, எல்லாம் ஒடஞ்ச இங்கிலீஷ்ல வந்துச்சு. வஞ்சிரம் சீர் ஃபிஷ், வவ்வால் பாம்ஃப்ரெட், நெத்திலி ஆங்க்கவின்னு போர்டு நெறஞ்சுது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகக் கூடாதுல்ல, அந்த தடைக்காலத்துல மீன் வெல ஏன் ஏறுதுன்னு மீன்கார வீட்டு பசங்க மத்தவங்களுக்கு சொன்னாங்க. பிகாஸ், சோ, இஃப் எல்லாம் அங்க தேவைக்கு வந்து ஒக்காந்துச்சு.

அதுலயே ஒரு பொண்ணு கேட்டுச்சு, கட்டுமரத்துக்கு இங்கிலீஷ்ல என்னன்னு. கேட்டமரன்னு சொன்னதும் சிரிச்சாங்க, மிஸ் நீங்க தமிழயே ஸ்டைலா சொல்றீங்கன்னு. இல்லடா, அந்த வார்த்தயே நம்மகிட்டருந்து போனதுதான், இப்ப அவங்க ரெண்டு ஒடம்பு சேந்த படகுக்கு அந்த பேர வெச்சுக்கிட்டாங்க, சுருட்டுலருந்து செரூட், மெளகுத்தண்ணிலருந்து முல்லிகடானின்னு சொன்னேன். கிளாஸ் கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு. அந்த மீன் பையன் மட்டும் மெதுவா "எங்க தாத்தா கட்டுமரத்துல போனவரு மிஸ்"னான். கரைக்கு வந்ததும் கட்ட அவுத்து மரத்த காய வைப்பாங்களாம், ஈரம் ஏறுனா கனத்துடும்னு. எனக்கு அது புதுசு.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் எழுத வரல. வாரத்துல ரெண்டு பீரியடுதான் இப்படி பண்ண முடியுது. மீதி பீரியடு போர்ஷன், மெமரி போயம், நான்-டீடெயில், டெஸ்ட். 35 எடுத்தா பாஸ்னு இருக்கற பிள்ளைங்கள 35 எடுக்க வெக்காம நான் மீன் கதை பேசிட்டு இருந்தா அதுவும் துரோகம்தான். ஹெச்.எம். கேக்கறதுலயும் தப்பு இல்ல. அதோட இந்த செட்டு பசங்க ஆறாவத முழுசா கொரோனால தொலைச்சவங்க, ஏழாவதுக்கும் 2021 நவம்பர்லதான் ஸ்கூலுக்குள்ள வந்தாங்க, வீட்டுல ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டு போயிடுவார். அதனால ஒரு அஞ்சாறு பேருக்கு ஒன்பதாவதுலயும் எழுத்துக்கூட்டி படிக்க வரல. ட்ரெயின் பேப்பர குடுத்தா அவங்களால படிக்கவே முடியாது, அப்ப அந்த வேலையும் அவங்களுக்கு போர்தான். அவங்கள சாயங்காலம் அர மணி நேரம் தனியா ஒக்கார வெச்சு எழுத்துலருந்து ஆரம்பிக்கறேன். அதுல குறுக்கு வழி எதுவும் எனக்கு கெடைக்கல.

அப்புறம் பத்தாவது போனதும் லெட்டர் ரைட்டிங் வந்துச்சு, தெரு லைட்டு எரியல, கார்ப்பரேஷனுக்கு எழுதுங்கன்ற வழக்கமான கேள்வி. சரி நெஜமான தெருவ போட்டு எழுதலாம்னு சொன்னேன். ஒரு பொண்ணு, எப்பவும் பெஞ்சுல தல சாச்சு படுத்துட்டே இருக்கறவ, தலைய தூக்கி "கார்ப்பரேஷன்ல கீறவங்களுக்கு தமிழ் தெரியும்ல மிஸ், இன்னாத்துக்கு இங்கிலீஷ்ல எழுதணும்"னு கேட்டா. கிளாஸ்ல சிரிப்பு. எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா சரியான கேள்வி. தமிழ்லயே எழுதலாம், எழுதணும். அப்ப ஒங்க வீட்டுல இங்கிலீஷ் எங்கதான் இருக்குது, நாளைக்கு பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னு விட்டேன்.

மறுநாள் வந்துச்சு பாருங்க. காஸ் சிலிண்டர் மேல, ஷாம்பு பாக்கெட் பின்னாடி, பேங்க்லருந்து வர்ற மெசேஜ், மீட்டர் வட்டிக்கு பதிலா ஆப்ல கடன் தர்றோம்னு வர்ற மெசேஜ், ஃபைபர் போட் மோட்டாரோட கூட வந்த புக்கு. அவ மட்டும் கிளாஸ்ல ஒண்ணும் சொல்லல. பெல் அடிச்சு எல்லாரும் போனப்புறம் பைலருந்து நாலா மடிச்ச பேப்பர் ஒண்ண எடுத்தா. அவ ஆயாவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரில குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டுல யாருக்கும் படிக்க வரலயாம், மாத்திரைய மட்டும் கலர் பாத்து குடுத்துட்டு இருக்காங்க.

ரெண்டு பேரும் ஒக்காந்து படிச்சோம். நான் படிச்சு சொல்லல, அவளையே படிக்க வெச்சேன், திக்குன எடத்துல மட்டும் கைய வெச்சேன். ஓ.டி.ன்னா ஒரு வேள, பி.டி.ன்னா ரெண்டு வேளன்னதும் வெரல் விட்டு எண்ணி, மொத மாத்திர சரி, ரெண்டாவது நைட்டு மட்டும்தான் குடுக்கறோம் மிஸ்னா. காலைலயும் குடுக்கணும்னு அவளே சொன்னா. கடைசி வரி 'ரிவ்யூ ஆஃப்டர் டூ வீக்ஸ்'. ரிவ்யூன்னா இன்னா மிஸ்? திரும்ப வந்து டாக்டர்கிட்ட காட்டணும்னு சொன்னேன். மேல போய் தேதிய பாத்தா, மறுபடி வெரல் விட்டா. பதிமூணு நாள் முடிஞ்சிருந்துச்சு.

"நாளைக்கு மிஸ்."

அடுத்த பீரியடு மேத்ஸ் சார் வாசல்ல வந்து நின்னுட்டார், ஒரு நிமிஷம் சார்னு கேட்டுக்கிட்டேன். அவ ரஃப் நோட்டுலருந்து ஒரு பேப்பர கிழிச்சு, அங்கயே நின்னுட்டே, பெஞ்சு மேல வெச்சு எழுதி குடுத்தா. 'ரெஸ்பெக்டட் மிஸ், டுமாரோ ஐ கோ டு ஸ்டான்லி வித் மை ஆயா ஃபார் ரிவ்யூ. மை மதர் ஹேவ் வொர்க். சோ ஐ கோ. ஐ கம் ஆன் தர்ஸ்டே.' கீழ அவ பேர், முழுப் பேர், இனிஷியலோட.